அவள் கையெழுத்துப் போடாத தாள்

எங்கள் பள்ளியில் எந்தத் தேர்வுத் தாளும் விடையோடு முடியாது. கடைசி விடைக்குக் கீழே ஒரு கோடு போட்டு, அதற்கும் கீழே ஒரு வாக்கியத்தைக் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆங்கிலத்தில் இருந்த அந்த வாக்கியத்தின் பொருள் இது: இந்தத் தேர்வில் நான் யாருக்கும் உதவவில்லை, யாரிடமும் உதவி பெறவில்லை, வேறு யாரும் பெற்றதாகவும் எனக்குத் தெரியாது. அது இல்லாத தாளை ஆசிரியர்கள் திருத்த மாட்டார்கள்.

அபுதாபியில் எபிஸ்கோப்பல் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் திருச்சபை நடத்திய பள்ளி அது. பிள்ளைகளை அமெரிக்கக் கல்லூரிகளுக்குத் தயார் செய்து அனுப்புவதுதான் அதன் வேலை. இந்த உறுதிமொழியும் அங்கிருந்து வந்த வழக்கம்தான். எகிப்து, லெபனான், பாகிஸ்தான், கேரளம், கொரியா என்று எங்கெங்கிருந்தோ வந்து உட்கார்ந்திருந்த நாங்கள் அதை வாசலில் செருப்பைக் கழற்றுவதுபோல யோசிக்காமல் செய்தோம். கடைசியில் நேரம் போதாமல் போய்விடக்கூடாது என்று, வினாத்தாள் கைக்கு வருவதற்கு முன்பே அதை எழுதிவைத்துக்கொள்பவர்களும் இருந்தார்கள்.

அவள் மட்டும் அதைப் படித்துப் பார்த்தாள்.

பத்தாம் வகுப்பின் நடுவில் தூத்துக்குடியிலிருந்து வந்து சேர்ந்தவள். அவள் எழுதிய முதல் தேர்வு வரலாறு. தாள்களைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆசிரியர் அவள் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். உறுதிமொழிக்குக் கீழே பொடி எழுத்தில் ஏழு வரிகள் இருந்தன. மூன்றாம் கேள்விக்குத் தனக்கு விடை உறுதியாகத் தெரியவில்லை. முன்னால் இருந்த பையன் கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தபோது அவன் தாள் கண்ணில் பட்டது. அவன் குறித்திருந்த விடையையே தானும் குறித்திருக்கிறாள். அது தனக்கு முன்பே தோன்றியதா, பார்த்த பிறகு தோன்றியதா என்று இப்போது சொல்ல முடியவில்லை. எனவே அந்த ஒரு மதிப்பெண்ணை என்ன செய்வது என்று ஆசிரியரே முடிவு செய்யலாம்.

ஆசிரியர் அதை வாய்விட்டுப் படித்தார். வகுப்பு சிரித்தது. பேனாவைத் தவறவிட்ட எகிப்துப் பையன் அன்றே அவளுக்கு 'ஃபுட்நோட்', அதாவது அடிக்குறிப்பு, என்று பெயர் வைத்தான். இன்னொரு செய்தியையும் சேர்க்க வேண்டும்: அந்த விடை தவறு.

அவளுடைய அப்பா எங்கள் பள்ளிப் பேருந்துகளுக்கு மேற்பார்வையாளர். முசஃபா தொழிற்பேட்டையில் பேருந்துகளைப் பழுதுபார்க்கும் பணிமனையில்தான் அவருக்குப் பாதி நாள். ஊழியர் பிள்ளை என்பதால் அவளுக்கு அந்தப் பள்ளியில் இடம் கிடைத்தது. என் வாப்பாவுக்கும் முசஃபாவில்தான் கடை. கவரால் என்கிற முழு வேலையுடை, பாதுகாப்புக் காலணி, கையுறை, தலைக்கவசம் விற்பார். நாங்கள் கீழக்கரைக்காரர்கள். இரண்டு குடும்பங்களும் பக்கத்தில் ஷாபியாவில் குடியிருந்தோம். ஒரே பேருந்து, ஒரே நிறுத்தம். பள்ளியில் தமிழ் பேசுகிற பெண்கள் நாங்கள் இருவர்தான். அதனால் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கை என்பது யாரும் தீர்மானிக்காமலே நடந்தது.

ஒடிசலான உயரம். எண்ணெய் வைத்து வாரிய ஒற்றைப் பின்னல். கைக்கடிகாரத்தை உள் மணிக்கட்டில் கட்டியிருப்பாள். நேரம் பார்க்க ஒவ்வொரு தடவையும் கையைத் திருப்புவாள். எதைக் கேட்டாலும் உடனே பதில் வராது. "பொறுட்டி, யோசிக்கேன்" என்பாள். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட. யாராவது எதையாவது பெரிதாக்கிப் பேசினால் முகம் சுளிப்பாள். "கூட்டிச் சொல்லாதட்டி." இந்த ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று எண்ணிக்கை சொல்லத் தெரியவில்லை. ஆயிரம் என்று எழுதினால் அதற்கும் அதையே சொல்வாள்.

ஒரு பள்ளி விருந்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். பேருந்தில் ஏறியதும் கேட்டேன்.

"எப்பிடி இருக்கேன்? அழகா இருக்கேனா?"

"பொறுட்டி." மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். "இன்னிக்கு இல்ல. போன செவ்வாக்கெழம இருந்த."

இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், போன செவ்வாய்க்கிழமை நான் என்ன உடுத்தியிருந்தேன் என்று யோசித்துக் கண்டுபிடித்தேன். சாதாரண நீலச் சீருடைதான். முதல் நாள் உம்மா மருதாணி வைத்துவிட்டிருந்தார். இதுவரை என்னை அழகு என்று சொன்ன சிலரில், நான் நம்புவது அந்த ஒருத்தியைத்தான்.

புதன்கிழமை தோறும் சேப்பல், அதாவது பள்ளிச் சிற்றாலயத்தில் வழிபாடு, இருக்கும். எல்லா மதத்துப் பிள்ளைகளும் போக வேண்டும். பாடுவதும் பாடாததும் அவரவர் விருப்பம். நான் ராகத்தோடு முனகுவேன், வார்த்தைகளை விட்டுவிடுவேன். வாப்பாவிடம் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். அவள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பெண். நல்ல குரல். பாடிக்கொண்டே வருவாள், திடீரென்று ஒரு வரியில் வாயை மூடிக்கொள்வாள், அடுத்த வரியில் சேர்ந்துகொள்வாள். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வரியில எம் மனசு பூரா சந்தோசம்னு வருதுல்லா. இன்னிக்கு எனக்கு அப்படி ஒண்ணும் இல்ல. காலைல அம்மாகூட சண்ட. ஆண்டவர் முன்னால நின்னுக்கிட்டு எதுக்குப் பொய் சொல்லணும்?"

"பாட்டுதானே டீ?"

"நீ பாடாம முனகுதேல்லா. அதே மாதிரிதான் இது."

சமூக சேவை மணிநேரம் என்று ஒரு கணக்கு உண்டு. கல்லூரி விண்ணப்பத்தில் எழுதுவதற்காக எல்லோரும் கடற்கரையில் குப்பை பொறுக்குவோம், நூலகத்தில் புத்தகம் அடுக்குவோம். படிவத்தில் எல்லோரும் நாற்பது என்று எழுதினோம். அவள் பதினொன்றரை என்று எழுதினாள். கடற்கரையில் பாதி நேரம் ஷவர்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், அதைக் கழித்துவிட்டாளாம். பொறுப்பாசிரியர் நாற்பது நாற்பதாக வந்த படிவங்களுக்கு நடுவில் அந்தப் பதினொன்றரையைப் பார்த்துவிட்டு, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஒவ்வொரு நாளாகக் கேட்டார். அந்த வாரம் முழுக்க அவளோடு யாரும் பேசவில்லை. "நான் ஒங்களப் பத்தி ஒரு வார்த்த எழுதலியே" என்று அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். தான் உண்மை சொன்னால் பக்கத்தில் இருப்பவர்களின் பொய் தெரிந்துவிடும் என்பது அவளுக்குப் புரிய நாளானது.

புரிந்த பிறகு அவள் தன் வழியை மாற்றிக்கொண்டாள். உண்மையைக் குறைக்கவில்லை, தெரிந்துகொள்வதைக் குறைத்தாள். கணக்குத் தேர்வில் பின்வரிசையில் கிசுகிசுப்புக் கேட்டபோது அவள் எழுதிய அடிக்குறிப்பு இது: 'பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. யார் என்று தெரியாது. தெரிந்துவிடக்கூடாது என்பதற்காகத் திரும்பவில்லை.' தேர்வு நெருங்கும் நாட்களில் பேருந்தில் யாராவது வினாத்தாளைப் பற்றி வாயைத் திறந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொள்வாள். நாங்கள் அவளைக் கேலி செய்ய அதுவும் ஒரு காரணமானது.

கல்லூரி விண்ணப்பங்களுக்கு வழிகாட்ட ஓர் அமெரிக்கப் பெண்மணி இருந்தார். நல்லவர். எங்கள் வாழ்க்கையில் எங்கே துயரம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவர் வேலை. கட்டுரைக்கு அது வேண்டும். அவளை எதிரில் உட்காரவைத்து, முசஃபாவின் கிரீஸுக்கும் வெயிலுக்கும் நடுவே வளர்ந்த அனுபவத்தை எழுதச் சொன்னார்.

"நான் அங்கே நான்கு முறைதான் போயிருக்கிறேன்" என்றாள் அவள்.

"சரி, உன் தந்தையின் போராட்டத்தை எழுது."

அவள் யோசித்தாள். "அவர் போராடவில்லை. அவருக்கு பஸ் என்றால் பிடிக்கும்."

அந்தப் பெண்மணி மேசை மேல் முழங்கைகளை ஊன்றி நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அடுத்தது என் முறை என்பதால் கதவருகே நின்று இதைப் பார்த்தேன். கடைசியில் அவள் எழுதிய கட்டுரை, ஒரு கேள்விக்கு 'தெரியாது' என்று பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் யோசிக்க வேண்டும் என்பது பற்றியது. அதை நான் படித்திருக்கிறேன். என்னுடையது வாப்பாவின் கடையைப் பற்றியது. அதில் நான் தினமும் பள்ளி விட்டதும் கடையில் வேலை செய்ததாக எழுதியிருந்தேன். வாரத்தில் ஒரு நாள் போவேன், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் தின்பேன்.

பன்னிரண்டாம் வகுப்பு தொடங்குவதற்கு முன்னால், திருச்சபையோடு தொடர்புள்ள ஓர் அமெரிக்கக் கல்லூரிக்குப் பள்ளி ஒரே ஒரு பெயரை அனுப்பும். முழு உதவித்தொகை. பதினொன்றாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் முதலில் வருபவருக்குத்தான் அது. அந்த வருடம் முதலிடம் எங்கள் இருவருக்குள்தான் மாறிக்கொண்டிருந்தது. என் வீட்டில் நிலைமை எளிமையானது. வாப்பா ஒரு நாள் கடைச் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "முழுசாக் கெடச்சா போ, நான் தடுக்க மாட்டேன். இல்லாட்டி ஊருல காலேஜும் இருக்கு, மாப்புள்ளையும் இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாப்பிள்ளை யார் என்பது எனக்குத் தெரியும்.

வேதியியல் தேர்வுக்கு முந்தின நாள், பள்ளி மாத இதழின் அச்சுப்படியை வாங்க நகலெடுக்கும் அறைக்குப் போனேன். நான் அந்த இதழின் ஆசிரியர். இயந்திரத்தில் தாள் சிக்கியிருந்தது. அங்கே வேலை பார்த்தவர் கசங்கிய ஒரு தாளை உருவித் தட்டின் மேல் வைத்துவிட்டு மை எடுக்கப் போனார். அது அடுத்த நாள் வினாத்தாளின் ஐந்தாம் பக்கம். படித்து முடித்த பிறகுதான் அது என்னவென்று தெரிந்தது என்று பல வருடங்கள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பாடத்தின் பெயரும் தேதியும் தாளின் தலையில் பெரிய எழுத்தில் இருந்தன. அமோனியாவைப் பற்றிய நீண்ட கணக்கு, நான்கு பிரிவுகள், பன்னிரண்டு மதிப்பெண்.

பேருந்தில் அவள் பக்கத்தில் உட்கார்ந்ததும் ஒன்று தோன்றியது. அவளிடம் சொல்லாவிட்டால் அது அவளை ஏமாற்றுவது. இருவருக்கும் தெரிந்தால் சமம். அந்த வயதில் எனக்கு நியாயம் என்பது அப்படித்தான் தெரிந்தது.

"நாளைக்கு அமோனியா வருது டீ. நாலு பிரிவு. பேப்பரப் பாத்துட்டேன்."

அவள் கைகள் காதுக்குப் போய்ச் சேர்ந்தபோது நான் சொல்லி முடித்திருந்தேன். கைகளை அப்படியே வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்தப் பாதையில் பார்க்க ஒன்றும் கிடையாது. உப்புப் படர்ந்த வெளி, உயர்மின் கோபுரங்கள். சில நிமிடங்கள் கழித்துக் கைகளை இறக்கினாள்.

"ஏட்டி, இத எங்கிட்ட ஏன் சொன்ன?"

"ரெண்டு பேருக்கும் சமமா இருக்கட்டும்னுதான்."

"அந்தக் கணக்க நான் எழுதாம விட்டுருவேன். ஆனா கடைசி வரிய எப்பிடி எழுத? நீ பாத்தது எனக்குத் தெரியும்லா இப்போ."

"ஃபுட்நோட் மட்டும் போட்டுறாத. கெஞ்சிக் கேக்குறேன். வாப்பா என்ன ஊருக்கு அனுப்பிருவாரு."

"ஒன் பேர நான் எழுத மாட்டேன்."

"பேரு இல்லேன்னாலும் கேப்பாங்க. அந்த ரூமுக்கு யார் யார் போனாங்கன்னு பாப்பாங்க."

"தெரியும்" என்றாள்.

அடுத்த நாள் தேர்வு. நான் அமோனியாக் கணக்கை எழுதினேன். உறுதிமொழியை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு கிடைத்தது. அவள் அந்தக் கணக்கை எழுதவில்லை. மற்ற எல்லாவற்றையும் எழுதினாள். கோடு போட்டாள். கோட்டுக்குக் கீழே எதுவும் எழுதாமல் தாளைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

மறந்துவிட்டாள் போல என்று நினைத்து ஆசிரியர் அவளைக் கூப்பிட்டுப் பேனாவை நீட்டினார். "என்னால் கையெழுத்துப் போட முடியாது, காரணமும் சொல்ல முடியாது" என்றாள். ஒன்றரை வருடமாக எல்லாவற்றுக்கும் காரணம் எழுதி அவர்களைக் களைப்படையச் செய்த பெண். பள்ளி அதற்கு ஒரே பொருளைத்தான் எடுத்துக்கொண்டது. அவள் ஏதோ தப்புச் செய்திருக்கிறாள். பொய் எழுத மனம் வரவில்லை. ஒப்புக்கொள்ளத் துணிவும் இல்லை. தவறென்று சொல்ல முடியாத ஊகம்தான். தப்புச் செய்த ஆளைத்தான் மாற்றிவிட்டார்கள்.

ஆசிரியர்களும் மாணவர்களுமாக ஏழு பேர் கொண்ட குழு விசாரித்தது. நீண்ட மேசை. சிற்றாலயத்துப் பாதிரியார்தான் தலைமை. வயதான ஆங்கிலேயர், மெதுவாகப் பேசுவார். அவளுடைய அப்பா வெளியே தாழ்வாரத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவளுடைய தோழி என்பதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். "உனக்கு ஏதாவது தெரியுமா?" என்று பாதிரியார் கேட்டார். அவள் அதே அறையில், மேசையின் மறு முனையில் இருந்தாள்.

"தெரியாது" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள் என்று எழுதினால் கூட்டிச் சொன்னதாகும். மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள்.

அன்று மாலையும் பேருந்தில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வேறு இருக்கைகள் காலியாக இருந்தன.

"நான் போய்ச் சொல்லிடவா?" என்று கேட்டேன்.

"அத எங்கிட்ட கேக்காத. ஒன் பேப்பரு ஒன்னோடது."

"நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு. நான் சொல்லாம இருந்துருவேன்."

"பொறுட்டி" என்றாள். உண்மையாகவே யோசித்தாள். "நான் வேண்டாம்னு சொன்னா ஒனக்கு லேசாயிரும். அதான் சொல்ல மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கின் விடையைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிறகு பையிலிருந்து முறுக்கை எடுத்து உடைத்துப் பாதியைக் கொடுத்தாள். வாங்கித் தின்றேன்.

வேதியியலில் அவளுக்குப் பூஜ்யம். என் பெயர் அமெரிக்காவுக்குப் போனது. வாப்பா கடையில் எல்லோருக்கும் பலூதா வாங்கிக் கொடுத்தார். மறுதேர்வு எழுதிப் படிப்பைத் தொடரலாம், ஆனால் விசாரணைக் குறிப்பு கோப்பில் இருக்கும் என்று பள்ளி அவளிடம் சொன்னது. அவளுடைய அம்மாதான் வேண்டாம் என்று முடிவு செய்தார். தமிழ் ஆராதனைக்கு வருகிற குடும்பங்களுக்கெல்லாம் அதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. கோடை விடுமுறைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். இருவரும் திரும்பி வரவில்லை. அப்பா மட்டும் அபுதாபியில் தங்கினார்.

பத்திரமாகச் சேர்ந்தாயா என்று கேட்டு அவளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: 'சேந்தோம். மதுரைல ஒரு பெட்டி வரல. நாளைக்கு வரும்னு சொல்லுதாங்க. வருமான்னு தெரியல.' அவளிடமிருந்து எனக்கு வந்த கடைசிச் சொற்கள் இவை. பிறகு அந்த எண் வேலை செய்யவில்லை.

பெட்டி வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இது ஒரு சின்ன விஷயம். ஆனால் அந்தக் கல்லூரியின் பனி படர்ந்த நடைபாதையில் போகும்போதெல்லாம் அந்தப் பெட்டி நினைவுக்கு வரும். அங்கே எனக்குப் பேச நிறைய பேர் கிடைத்தார்கள். எல்லோரும் எல்லாவற்றையும் அற்புதம் என்றார்கள். நான் எழுதிக் காட்டியது, நான் சமைத்தது, நான் உடுத்தியது. ஒருவராவது கொஞ்சம் பொறுத்து யோசித்து, இன்று இல்லை என்று சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. படிப்பு முடிந்து திரும்பி வந்து துபாயில் ஓர் ஆங்கில நாளிதழில் சேர்ந்தேன். செய்திகளில் 'பெருந்திரளானோர்' என்று வந்தால் எத்தனை பேர் என்று நிருபரைக் கேட்பேன். அலுவலகத்தில் அதற்கு எனக்கு நல்ல பெயர் உண்டு. அந்தப் பெயர் என்னுடையது அல்ல என்று சொல்வதற்கு அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது.

போன கோடையில், நண்பகலில் வெளிவேலை நிறுத்தப்படும் மாதங்களில், முசஃபாவில் ஆட்கள் அந்த நேரத்தை எப்படிக் கழிக்கிறார்கள் என்று எழுத அனுப்பினார்கள். ஒரு பணிமனைக் கூரையின் நிழலில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நின்றன. கவிழ்த்த டிரம்மின் மேல் ஒருவர் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நீ கவரால் கட பாய் மவதான?"

"ஆமா அங்கிள்."

"பேப்பர்ல இருக்கேன்னு வாப்பா சொன்னாவ. நல்லாருக்கியாம்மா?" தனக்குப் பக்கத்தில் இன்னொரு டிரம்மை இழுத்துப் போட்டார். ஒரு மோர் டப்பாவை எடுத்துக் கொடுத்தார். வெயிலைப் பற்றிப் பேசினோம். பிறகு அவளுடைய அப்பாவிடம் கேட்டேன், அவள் எப்படி இருக்கிறாள் என்று.

"இருக்காம்மா. ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் பாக்கா. டாக்டர்மாரு ரெண்டு பேரு, இவ பாத்த ரிசல்ட்டுன்னாத்தான் நம்புதாங்களாம்." அதைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. பிறகு இறங்கியது. "வீட்ல மட்டும் இன்னும் சரியாகல. அவுகம்மா பழசக் கிளறாத நாளு கெடையாது. பரீட்சைல களவாண்டதுக்கு இவ்வளவு வீம்பு என்னட்டின்னு கேப்பா. இவ வாயத் தொறக்க மாட்டா. எந்திரிச்சுப் போயிருவா."

டப்பாவின் மூடியை விரலால் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அந்த ரூமுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. நீ உள்ள போயிட்டு வந்தேல்லா. ஒனக்கு ஏதாவது தெரியுமாம்மா?"

பாதிரியார் கேட்ட அதே கேள்விதான். சொன்னேன். நகலெடுக்கும் அறை, ஐந்தாம் பக்கம், பேருந்து, அமோனியா, என் கையெழுத்து, 'தெரியாது' என்ற என் சொல் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். தூரத்தில் ஒரு குளிர்சாதன இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்காகச் சமாதானம் ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேனா? எதிர்பார்த்தேன்.

"அவ செய்யலங்கது எனக்குத் தெரியும்மா" என்றார். "தெரிஞ்சு என்ன பிரயோசனம். எட்டு வருசமா எம் பேச்சு அங்க எடுபடல." சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். "அவுகம்மாட்ட சொல்லுதியா? இப்பச் சொன்னத அப்பிடியே. ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்."

எண்ணை அழுத்தி, இந்தப் பிள்ளை ஒன்று சொல்லும், கேளு என்று மட்டும் சொல்லிவிட்டு என்னிடம் நீட்டினார்.

இரண்டாம் தடவை சொல்வது முதல் தடவையைவிடக் கடினமாக இருந்தது. முடித்தேன்.

"நீ அந்தக் காலேஜுக்குப் போனியா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"போனேன் ஆன்ட்டி."

"படிச்சு முடிச்சியா?"

"முடிச்சேன்."

அவர் அழைப்பைத் துண்டிக்கவில்லை. கைபேசியை எதன் மேலோ வைத்தது கேட்டது. பிறகு வீட்டுக்குள் நடக்கும் செருப்பின் ஓசை. பிறகு அவர் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை. பதில் இல்லாததால் இன்னொரு தடவை, சத்தமாக, குரல் உடைந்து.

"என்னம்மா? கை ஈரமா இருக்கு. பொறு, வாரேன்."

எட்டு வருடங்களில் அந்தக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டேன். தண்ணீர்க் குழாயை மூடும் சத்தம் வந்தது. காலடிகள் நெருங்கின.

அவளுடைய அப்பா என் கையிலிருந்து கைபேசியை மெதுவாக வாங்கினார்.

"போதும்மா" என்றார். "இனி அவங்க பேசட்டும்."

இணைப்பைத் துண்டித்துப் பையில் போட்டுக்கொண்டார். உள்ளேயிருந்து யாரோ "உஸ்தாத்!" என்று பட்டறை வழக்கப்படி அவரைக் கூப்பிட, எழுந்து, தூக்கி நிறுத்தியிருந்த ஒரு பேருந்தின் அடியில் குனிந்து போனார்.